சல்லடையில் நிற்காதது

குப்பைப் பையை அறுத்தால் முதலில் வருவது சாறு. பழுப்பு என்றும் சொல்ல முடியாத, பச்சை என்றும் சொல்ல முடியாத ஒரு நிறத்தில், கத்தி பட்ட இடத்திலிருந்து முழங்கையை நோக்கி வழியும். அடுத்து வாடை. அதற்குப் பிறகுதான் பொருள்கள்: மூன்று நாள் ஊறிய சாப்பாடு, மீன் செதில், கொத்துக் கொத்தாக முடி, உப்பிப்போன டயப்பர், எல்லாவற்றுக்கும் நடுவில் நெளிகிற வெள்ளைப் புழு. என் அக்காவின் உரக்கூடத்தில் பதினான்கு பெண்கள் நாளுக்கு ஒன்பதாயிரம் பைகளை இப்படி அறுக்கிறார்கள்.

அங்கே போகும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் புரட்டும். ஏன் புரட்டுகிறது என்று தெரிந்தவள் நான், ஆனாலும் அது நிற்பதில்லை. புரதம் அழுகும்போது அமீன்கள் என்ற நாற்ற வாயுக்கள் கிளம்புகின்றன, கொழுப்பு கெடும்போது புளித்த அமிலங்கள் கிளம்புகின்றன. ஒரு நீச்சல்குளம் முழுக்கத் தண்ணீர் இருந்து அதில் சில சொட்டு மட்டும் கலந்திருந்தாலும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அபூர்வமாகச் சில வாசனைகளுக்குத்தான் மூக்கு இவ்வளவு மெனக்கெடும். கெட்டதைத் தின்று சாகாமலிருக்க உடம்பு வைத்திருக்கும் மிகப் பழைய காவல் அது. காவலாளியிடம் போய் "நான் வேதியியல் படித்தவள், விடு" என்றால் விடவா போகிறான்?

பையை அறுக்காமல் அப்படியே குவியலில் போட முடியாதா என்று முதன்முதலில் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். முடியாது. குப்பையை உரமாக்குவது நாமல்ல, நுண்ணுயிர்கள். அவற்றுக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். பிளாஸ்டிக் பைக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் குடியேறி எல்லாவற்றையும் புளிக்கவைத்துச் சகதியாக்கிவிடும். அப்படியும் தப்பித் தவறி உரமானால், அதில் பை கிழிசல் கிழிசலாகக் கிடக்கும். எந்த விவசாயியும் அதைத் தன் நிலத்தில் கொட்டமாட்டார். அதனால் அறுத்தே ஆகவேண்டும், உள்ளே இருப்பதைக் கையால் உதறியே ஆகவேண்டும்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தியை எல்லோரும் நெட்டை என்பார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு யாரோ போட்டுவிட்டுத் தூக்கியெறிந்த ஊசி, பைக்குள்ளிருந்து அவள் உள்ளங்கையில் ஏறியது. ஆறு மாதம் இரத்தப் பரிசோதனை. அந்த ஆறு மாதமும் வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். கடைசியில் ஒன்றுமில்லை என்று வந்தது. தட்டு மட்டும் தனியாகவே இருந்துவிட்டது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

அதற்குப் பிறகு அக்கா என்னை விடவில்லை. நான் வேலை பார்ப்பது பாலிமர் ஆய்வுக்கூடத்தில். பாலிமர் என்றால் நீளமான சங்கிலி மூலக்கூறு. பிளாஸ்டிக் எல்லாம் அந்தச் சாதிதான். பார்க்கும்போதெல்லாம் அக்கா இடித்துக் காட்டுவாள்.

"மூக்கைப் பொத்திக்கிட்டே டிகிரி வாங்கினவ நீ. அறுக்கவே வேணாம்னு ஒரு பை கண்டுபிடிடி. அப்படியே குவியல்ல போட்டா அதுவா கரைஞ்சு போகணும். அதுக்கு மேல உன்கிட்ட நான் எதுவும் கேக்க மாட்டேன்."

அப்படி ஒரு பையைத்தான் எங்கள் டாக்டர் செய்துகொண்டிருந்தார். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. ஒன்பது வருடமாக ஒரே சங்கிலியைக் கட்டிப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கும் மனிதர். தன் மகள் கல்யாணத்தன்றுகூட மண்டபத்துக் குப்பைத்தொட்டியை எட்டிப் பார்த்தவர்.

அவருடைய யோசனையை ரயிலை வைத்து விளக்கலாம். சாதாரணப் பை என்பது ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஒன்றோடொன்று பற்றவைத்த ரயில். நுண்ணுயிரின் வாய் மிகச் சின்னது. நாலைந்து பெட்டித் துண்டு என்றால் விழுங்கும், முழு ரயிலை என்ன செய்யும்? டாக்டர் நடுநடுவே கொக்கிகளை வைத்தார். உரக்குவியலின் உள்ளே அறுபது டிகிரிக்கு மேல் சூடு ஏறும், ஈரமும் இருக்கும். அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் கொக்கிகள் தாமாகக் கழன்று, ரயில் துண்டுதுண்டாகும். துண்டை நுண்ணுயிர் தின்றுவிடும். அது பையைத் தேடி வரவேண்டுமே என்பதற்காக நூற்றுக்கு நாற்பது பங்கு மாவுச்சத்தைக் கலந்தார். தூண்டிலில் புழு மாதிரி. பை பால் வெள்ளையாக, கைக்கு மெத்தென்று இருந்தது. எனக்கு அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும்.

பை கரைகிறதா என்று சோதித்துக் கையெழுத்திடுவது என் வேலை. இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது சல்லடைச் சோதனை. பைத் துண்டுகளை எடை போட்டு, நாறும் குப்பையோடு பெட்டியில் அடைத்து, மூன்று மாதம் சூட்டில் வைக்கவேண்டும். பிறகு இரண்டு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலிக்கவேண்டும். மேலே நிற்பது கரையாதது, கீழே விழுந்தது கரைந்தது. இரண்டாவது மூச்சுச் சோதனை. நுண்ணுயிர் எதைத் தின்றாலும் நம்மைப் போலவே கரியமில வாயுவை வெளியே விடும். அந்த வாயுவைப் பிடித்து அளந்தால், பையில் இருந்த கார்பனில் எவ்வளவு உண்மையிலேயே வயிற்றுக்குள் போனது என்று தெரிந்துவிடும். இதற்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். முதல் சோதனையில் தேறினால் நகரில் ஒரு வட்டாரத்தில் மட்டும் பையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது விதி.

சல்லடைச் சோதனையை எப்படிச் செய்யவேண்டும் என்று விதியில் தெளிவாக இருக்கிறது: உலர்ந்த நிலையில், மெதுவாக, அசைத்து. மூன்று பெட்டிக்கு இரண்டு நாள் பிடிக்கும். நான் அரை நாளில் முடித்தேன். பெட்டியைத் திறந்ததும் அந்த வாடை கண்ணுக்குள் போனது. மூச்சை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சல்லடையில் கொட்டி, குழாயை முழுதாகத் திறந்து பீய்ச்சி, பிரஷ்ஷால் பரபரவென்று தேய்த்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருமே அப்படித்தான் செய்கிறோம். குப்பைக்கு என்ன மரியாதை என்று ஒரு நினைப்பு. மேலே நின்றதை உலர்த்தி எடை போட்டால் நூற்றுக்கு நாலு பங்குதான். தொண்ணூற்றாறு சதவீதம் கரைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

அக்காவின் உரக்கூடத்துக்கு வெள்ளைப் பைகள் வந்தன. நாலு மாதம் அந்த வட்டாரத்துப் பைகளை யாரும் அறுக்கவில்லை. லாரி கொட்டும், இயந்திரம் கிளறும், அவ்வளவுதான். ஊசியோ பிளேடோ இருந்தால் கடைசியில் சுழல் சல்லடையில் தனியாக வந்துவிடும். அந்தப் பக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட ஐந்து பெண்களில் நெட்டையும் ஒருத்தி. இப்போதெல்லாம் சாப்பிடும்போது கையை முகர்ந்து பார்ப்பதில்லை என்றாள். அடுத்த கட்டமாக நகரம் முழுவதற்கும் இந்தப் பை வரவேண்டும். வந்தால் பதினான்கு பேரும் கத்தியைக் கீழே வைக்கலாம். அதற்கு வேண்டியது இன்னொரு அறிக்கை, அதில் என் கையெழுத்து. அக்கா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

உரக்கூடத்தின் மேற்பார்வையாளரை மூக்கு என்பார்கள். உரம் பழுத்துவிட்டதா என்று முகர்ந்தே சொல்லிவிடுவார். கருவி ஒன்றும் வேண்டாம். பழுத்த உரத்தில் வெள்ளையாக மாவு தூவினாற்போல ஒரு படலம் வரும். நூல் நூலாக வளரும் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் அது, மழை பெய்த மண் வாசனையைத் தருவதும் அதே கூட்டம்தான். படலம் வந்தால் உரக்காரர்களுக்குக் குழந்தை பிறந்த சந்தோஷம். வெள்ளைப் பைக் குவியலில் அந்தப் படலம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வந்திருக்கிறது என்று மூக்கு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நானும் போய்ப் பார்த்தேன். என் குறிப்பேட்டில் "வெண்படலம் மிக நன்று" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அறிக்கைக்காகக் கடைசி மாதிரி எடுக்கப் போன அன்று நல்ல வெயில். ஐந்து பெண்களும் காய்ந்த உரத்தைச் சலித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நெட்டை ரப்பர் கையுறையைக் கழற்றி என் முன்னால் நீட்டினாள். உள்ளங்கைப் பக்கம் முழுக்க வெள்ளை.

"இது போகவே மாட்டேங்குது. தட்டினா இன்னும் ஒட்டுது. பூஞ்சைனு மூக்கு சொல்றாரு. பூஞ்சை இப்படியா முடியைப் பிடிச்ச மாதிரி பிடிச்சுக்கும்?"

நான் கையுறையை உதறினேன். வெள்ளைத் துகள்கள் மேலெழும்பி மறுபடி கையுறையிலேயே போய் உட்கார்ந்தன. என் விரலை அருகே கொண்டுபோனதும் சில துகள் என் விரலுக்குத் தாவின. காய்ந்த தலைமுடியைச் சீவிய சீப்புக்குக் காகிதத்துணுக்கு தாவுமே, அப்படி. உயிருள்ள எதுவும் அப்படித் தாவாது. உயிரில் ஈரம் இருக்கும், ஈரம் மின்னேற்றத்தைத் தங்கவிடாது. தாவுவது பிளாஸ்டிக்.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு பிடி உரத்தைப் போட்டுக் கலக்கி வைத்தேன். மண் கீழே போனது. மக்கின இலைத் துணுக்குகள் ஊறி ஒவ்வொன்றாக இறங்கின. மேலே விரல் கனத்துக்கு ஒரு வெள்ளை ஆடை நின்றது. தண்ணீர் அதை நனைக்கவே இல்லை. அரை மணி நேரம் காத்திருந்தும் ஒரு துகள்கூடக் கீழே போகவில்லை. நெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, பால் திரிந்த மாதிரி இருக்கே என்றாள்.

மாதிரியையும் டம்ளரையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், மாதிரியைப் பெராக்சைடில் இரண்டு நாள் போட்டேன். உயிரிலிருந்து வந்ததையெல்லாம் அது நுரைத்துத் தின்றுவிடும். வெள்ளை அப்படியே இருந்தது. நுண்ணோக்கியின் கீழ் ஒரு துகளைச் சூடாக்கிய ஊசியால் தொட்டேன். அது சுருண்டு, உருகி, பளபளவென்று உருண்டையானது. அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி, அதேபோல இன்னொன்று, அதற்கப்பால் இன்னும் நூறு. ஒவ்வொரு துகளும் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. மாவுச்சத்து இருந்த இடங்கள்தான் ஓட்டைகள். தூண்டிலில் இருந்த புழுவை மட்டும் சுத்தமாகத் தின்றுவிட்டு மீன் போய்விட்டது.

மூச்சுச் சோதனையின் கோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு மாதத்துக்கு முன் வேகமாக ஏறிய கோடு, நூற்றுக்கு நாற்பதில் போய்த் தட்டையாகப் படுத்திருந்தது. வாராவாரம் நானே புள்ளி வைத்த கோடு. கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, ஏறும் என்று டாக்டர் சொல்ல, ஏறும் என்று நானும் நம்பியிருந்தேன். பையில் மாவுச்சத்து நாற்பது பங்கு. கோடு நின்ற இடம் நாற்பது. நான்காம் வகுப்புக் கணக்கு.

அப்போதுதான் என் பிரஷ் நினைவுக்கு வந்தது. கொக்கிகள் கழன்றிருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் துண்டுகள் நுண்ணுயிர் விழுங்கும் அளவுக்குச் சின்னதாகவில்லை. பை அப்பளம் மாதிரி நொறுங்கும் பதத்துக்கு மட்டும் வந்திருக்கிறது. முறைப்படி உலர்த்தி மெதுவாகச் சலித்திருந்தால் பெரும்பாலான துண்டு சல்லடை மேலேயே நின்றிருக்கும். நான் தண்ணீரைப் பீய்ச்சித் தேய்த்து நொறுக்கிக் கீழே தள்ளினேன். நாற்றத்திலிருந்து ஒன்றரை நாள் முன்னதாகத் தப்பிப்பதற்காக. கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். 

டாக்டரிடம் நுண்ணோக்கியைக் காட்டினேன். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு விதியைப் பேசினார். விதி இரண்டு மில்லிமீட்டர் என்கிறது, அதற்குக் கீழே போனதைக் கரைந்தது என்று எழுத விதியே அனுமதிக்கிறது, நாம் பொய் சொல்லவில்லை என்றார். ஊரெல்லாம் போடுகிற பையைவிட இது மேல் இல்லையா என்றார். நான் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். இரண்டு நாள் ஆகியும் ஆடை அப்படியே மிதந்துகொண்டிருந்தது.

"முழுப் பையா இருந்தா பொறுக்கியாவது எடுக்கலாம் சார். இதை யாரு பொறுக்குறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கொக்கிகளை இன்னும் நெருக்கமாக வைக்கவேண்டும் என்றார் கடைசியில், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. எவ்வளவு நாளாகும் என்றேன். இரண்டு வருடம், மூன்றும் ஆகலாம். அறிக்கையில் உன் கையெழுத்து, உன் இஷ்டம், நான் தடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை உரக்கூடத்துக்குப் போனேன். அக்காவின் அலுவலகம் ஒரு தகரக் கொட்டகை. மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் பதினான்கு பேரின் தடுப்பூசி அட்டை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரஷ் விஷயத்தையும் சொன்னேன். பூசி மெழுக எனக்கு வாய் வரவில்லை.

"நாத்தம் தாங்காம தேய்ச்சுட்ட," என்றாள்.

"ஆமாக்கா."

"இங்க ஒருத்தியும் நாத்தம்னு ஒரு பையைப் பாதியில விட்டது கிடையாது. தெரியுமில்ல?"

தலையை ஆட்டினேன். அவள் எழுந்து வாசலில் போய் நின்றாள். எனக்கு முதுகைக் காட்டியபடியே, இந்த அறிக்கையைத் தேறியது என்று எழுதினால் யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டாள். உண்மையான கேள்விதான். பார்த்தாலும் பூஞ்சை என்றுதான் நினைப்பார்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று உண்மையையே சொன்னேன். மண்ணில் எவ்வளவு நாள் இருக்கும் என்றாள். நம் பேரப்பிள்ளைகளுக்குப் பிறகும் இருக்கும் என்றேன்.

"நீ என்ன எழுதணுமோ எழுது. ஆனா அவளுங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு."

ஐந்து பெண்களையும் கூப்பிட்டாள். சொன்னேன். கண்ணாடி டம்ளரையும் காட்டினேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் விளக்கத் தொடங்கி, ரயில், கொக்கி என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்தால் ரயில் எதற்கும் உதவாது என்று தெரிந்தது. மறுபடியும் கத்தி என்பது மட்டும் அவர்களுக்கு எட்டியிருந்தது.

நெட்டை ஒன்று மட்டும் கேட்டாள். இந்த உரத்தில் இரண்டு மூட்டை எடுத்துப்போய் வீட்டு வாசல் தொட்டிகளில் போட்டிருக்கிறாள். கீரை நன்றாக வந்திருக்கிறது. பிள்ளைகளும் சாப்பிட்டுவிட்டார்கள்.

"அதை எப்படி எடுக்கிறது?"

"எடுக்க முடியாது."

"நல்லா சலிச்சா?"

"சல்லடையில நிக்காது."

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஊசி ஏறின இடத்தில் இப்போது ஒரு புள்ளிகூட இல்லை. எச்சிலைக் கூட்டி ஓரமாகத் துப்பிவிட்டு, தொட்டியோடு தூக்கிப் போட்டுவிடவேண்டியதுதான் என்றாள். எங்கே போடுவது என்று யாரும் கேட்கவில்லை. அவள் போடுவதும் கடைசியில் ஒரு லாரியில் ஏறி எங்கேயாவது மண்ணில்தான் இறங்கும் என்பது குப்பைக்காரிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முடிந்த உரம் இருநூறு டன் கிடந்தது. அதை விற்கக்கூடாது, மதில் கட்டிய குப்பைக்கிடங்குக்கு அனுப்பவேண்டும் என்று அக்கா சொன்னதும் மூக்குக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு நன்றாகப் பழுத்த உரத்தைப் பார்த்ததில்லை என்று மன்றாடினார். ஒரு கை அள்ளி என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார்.

"மோந்து பாரும்மா. நீயே சொல்லு. இதுல என்ன கெட்டது?"

கருப்பாக, பொலபொலவென்று, முதல் மழை வாசனையோடு இருந்தது. நுண்ணுயிர்கள் தம்மால் முடிந்ததையெல்லாம் தின்று, தம் வேலையைக் குறைவில்லாமல் செய்திருந்தன. அதற்குள்ளே வெள்ளையாக, பொடிப்பொடியாக, நாங்கள் செய்தது மினுமினுத்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றபோது வராதது அப்போது வந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். அவர் பதறித் தண்ணீர் கொண்டுவந்தார். உரத்தைக் கீழே போடாமல், இன்னொரு கையில் அப்படியே வைத்திருந்தார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனேன். அக்கா நான் கொண்டுவந்திருந்த அறிக்கைத் தாளை மேசையில் எடுத்து வைத்து, பக்கத்தில் பேனாவையும் வைத்திருந்தாள். முடிவு என்ற கட்டத்தில் "தேறவில்லை" என்று எழுதினேன். கீழே காரணம் எழுத நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன். முதல் சோதனை முறைப்படி செய்யப்படவில்லை, செய்தவள் நான் என்றும் எழுதினேன். அக்கா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள்.

"இதுக்கு உன் வேலை போகுமா?"

"தெரியலக்கா."

"போனா இங்க வா. கத்தி தரேன்," என்றாள். கிண்டலா நிஜமா என்று அவள் முகத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.

வெளியே லாரி பின்பக்கமாக வந்து கொட்டியது. ஐந்து பேரும் பழைய இடத்துக்குப் போய் மற்ற ஒன்பது பேரோடு உட்கார்ந்தார்கள். சிறிது நேரத்தில் முதல் பை அறுபடும் சத்தம் கேட்டது, அதற்குப் பின்னாலேயே வாடை வந்தது.